முதலில் மட்டை, அப்புறம் பாடம்

வெண்டல் ஹாஸ்கின்ஸ் யங்ஸ்டவுன் நகராட்சி மைதானத்தில் பத்தொன்பது வருடம் கோல்ஃப் சொல்லிக்கொடுத்தவர். மைதானத்தின் ஓரத்தில், மழை பெய்தால் ஒழுகுகிற ஒரு தகரக் கொட்டகைதான் அவருடைய பள்ளிக்கூடம். வசதியானவர்கள் அங்கே வருவதில்லை. ஊரிலிருந்த ஆலை மூடியபின் வேறு வேலைக்குப் போனவர்கள், ஓய்வுபெற்ற தபால்காரர்கள், ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் பெண்கள் என்று வருவார்கள். யாராவது முதல் நாளே பளபளக்கும் புது மட்டைகளைத் தோளில் சுமந்து வந்தால் வெண்டல் சிரிக்கமாட்டார்.

"அதைக் கார்லயே வெச்சுட்டு வாங்க. இன்னும் அஞ்சு வாரத்துக்கு அதுக்கு வேலையில்ல" என்பார்.

கொட்டகைக்குள் ஒரு பீப்பாய் நிறைய பழைய மட்டைகள் இருக்கும். அதிலிருந்து ஒன்றை உருவிக் கொடுப்பார். ஒருவருடைய உடம்பு எப்படித் திரும்புகிறது, கை எங்கே இறுகுகிறது என்பதெல்லாம் தெரிய ஐந்து வாரமாவது ஆகும், அதற்கு முன் வாங்குகிற மட்டை அளவெடுக்காமல் தைத்த சட்டை மாதிரிதான் என்பது அவர் எண்ணம். முதல் நாள் பந்தே கிடையாது. மட்டையை நீட்டிப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்று சுற்றவேண்டும். அந்த வட்டத்துக்குள் யாரும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் வீசவேண்டும். ஒவ்வொரு வீச்சுக்கு முன்னாலும் இதைச் செய்யவேண்டும்.

"நான் என்ன டான்ஸ் கத்துக்கவா வந்தேன்?" என்று கேட்பவர்கள் உண்டு.

"முதுகுல கண்ணு இருந்தா நீங்க சுத்த வேணாம்" என்பார் வெண்டல்.

பத்தொன்பது வருடத்தில் அவருடைய கொட்டகையில் ஒருவருக்குக்கூட ஒரு கீறல் விழுந்ததில்லை. அதைப் பற்றி அவர் பெருமையாகப் பேசியதும் இல்லை. பிறகு நகராட்சி அந்த நிலத்தை விற்றது. புல் இருந்த இடத்தில் ஒரு பெரிய கிடங்கு எழும்பியது. அப்போது வெண்டலுக்கு ஐம்பத்தெட்டு வயது. அதே வருடம் அவருடைய மனைவி ரூத் ஆனின் சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்ந்துபோயின. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மிஷினோடு படுத்திருக்கவேண்டும். வேலை இருந்தால்தான் இன்சூரன்ஸ், இன்சூரன்ஸ் இருந்தால்தான் வைத்தியம். பழைய மாணவர் ஒருவர் சொல்லி, ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த பெரிய விளையாட்டுச் சாமான் கடையில் வெண்டலுக்கு இடம் கிடைத்தது. கோல்ஃப் பகுதியில் விற்பனையாளர். கழுத்தில் பெயர் அட்டை மாட்டிக்கொண்டு நிற்கவேண்டும்.

முதல் இரண்டு மாதம் அவர் பழைய வெண்டலாகவே இருந்தார். புதிதாக ஆட வருகிறவர்களிடம், "முதல்ல நாலஞ்சு பாடம் எடுத்துக்குங்க, அப்புறம் வாங்க, சரியானதா நானே எடுத்துத் தரேன்" என்று அனுப்பிவைத்தார். மேனேஜர் கைலுக்கு முப்பத்து நான்கு வயது. கெட்டவன் இல்லை. ஒரு நாள் வெண்டலை ஷூ அடுக்குகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான்.

"வெண்டல், நல்ல மனுஷன் நீங்க, ஒத்துக்கிறேன். ஆனா கடைக்கு வந்தவங்களைத் திருப்பி அனுப்புறதுக்கு ஒரு ஆளை வேலைக்கு வெச்சிருக்கேன்னு மேல நான் எப்படிச் சொல்றது?"

"கத்துக்கிட்டு வந்தா சரியானதை வாங்குவாங்க கைல். திரும்பவும் நம்மகிட்டதான் வருவாங்க."

"வரமாட்டாங்க. வீடு போய்ச் சேரும்போதே ஆசை ஆறிடும். சூடு இருக்கும்போதே கையில குடுத்துடணும். பாடம் எடுக்கிறவங்க அப்புறமா எடுக்கட்டும், யார் வேணாங்கிறா? இன்னொரு தடவை இது என் காதுல விழுந்தா எனக்கும் வேற வழியிருக்காது."

அன்றோடு வெண்டல் நிறுத்திக்கொண்டார். நிறுத்துவது அவ்வளவு கஷ்டமாகவும் இல்லை. வீட்டுக்குப் போனால் ரூத் ஆனின் கையில் ஊசி குத்திய இடம் கன்றிப்போயிருக்கும். அதைப் பார்த்தபிறகு கோல்ஃப் பற்றிய நியாய அநியாயமெல்லாம் சின்ன விஷயமாகத் தெரிந்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை ட்வைட் கொவாச் என்பவர் மனைவி மார்லீனுடன் கடைக்கு வந்தார். குழாய்த் தொழிற்சாலையின் கீழ்த்தளத்தில் இருபத்தாறு வருடம் மிஷினோடு நின்று வேலை பார்த்தவர். அந்தக் கோடையில்தான் மாடிக்கு, ஆபீஸுக்குள் உயர்த்தியிருந்தார்கள். ஆபீஸ்காரர்கள் வியாழக்கிழமை சாயங்காலம் கோல்ஃப் ஆடப் போவார்கள். ட்வைட் கோல்ஃப் மட்டையைத் தொட்டதே இல்லை. பெரிய கைகள். எந்தச் சாமானை எடுத்தாலும் உடைந்துவிடுமோ என்பது போல மெல்லப் பிடித்துப் பார்த்தார்.

மார்லீன் பள்ளி பஸ் ஓட்டுகிறவள். பின்னால் ஐம்பது பிள்ளைகள் கத்தும்போதும் கேட்கிற மாதிரியான குரல்.

"ட்வைட், வாங்குறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது கத்துக்கோயேன்."

"கத்துக்கப் போனா அங்க நம்ம ஆபீஸ்காரன் எவனாவது பார்ப்பான். கொவாச் பையனுக்குப் பாடம் நடக்குதுன்னு வெள்ளிக்கிழமை முழுக்கச் சிரிப்பானுங்க."

"முட்டாத்தனமா வீசினா மட்டும் சிரிக்கமாட்டானுங்களா?" என்று சொல்லிவிட்டு அவள் வெண்டலின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க சார். உங்களைப் பார்த்தா விஷயம் தெரிஞ்சவர் மாதிரி இருக்கு. முதல்ல பாடமா, முதல்ல மட்டையா?"

கைல் இரண்டு கஜ தூரத்தில் நின்று தொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் கை நின்றது. வெண்டல் அதைப் பார்த்தார்.

"இப்ப வர்ற மட்டையெல்லாம் பழைய மாதிரி இல்ல மேடம். ஆடுறவர் தப்பு பண்ணினாலும் மட்டை பொறுத்துக்கும். தாராளமா வாங்கிட்டு ஆட ஆரம்பிக்கலாம். பாடம் அப்புறம் பார்த்துக்கலாம்."

ட்வைட்டின் முகம் மலர்ந்தது. மார்லீன் வெண்டலை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டாள். பதினான்கு மட்டைகளும் ஒரு கறுப்புப் பையும் அவர்கள் காரில் ஏறின. பின் கதவைச் சாத்த வெண்டலும் உதவினார்.

அக்டோபர் முதல் வாரத்தில் ட்வைட் அந்தக் கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். தனியாக வந்தார். தாடி நான்கைந்து நாள் வளர்ந்திருந்தது. பையைக் கவுன்டர்மேல் வைத்தார்.

"இதை எடுத்துக்குங்க" என்றார்.

கைல் பையைப் பிரித்துப் பார்த்தான். "சார், இது யூஸ் பண்ணினது. ஒண்ணு குறையுது வேற. திரும்ப எடுக்கிறது..."

"காசு வேணாம். வீட்ல வெச்சிருக்க முடியல. அவ்வளவுதான்."

"அப்படியெல்லாம் எடுத்துக்க முடியாது சார்."

ட்வைட் பையை அங்கேயே விட்டுவிட்டு வெளியே நடந்தார். வெண்டல் பின்னாலேயே போனார். கார் நிறுத்துமிடத்தில், வண்டியின் கதவைத் திறக்காமல் அதன்மேல் சாய்ந்தபடி ட்வைட் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு சார்?"

ட்வைட் யாரிடமாவது சொல்லக் காத்திருந்தவர் போல, ஆனால் வெண்டலின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இரண்டு வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. பின்பக்கப் புல்தரையில் பிளாஸ்டிக் பந்தை வைத்து அடித்துப் பழகிக்கொண்டிருந்தார். கையில் இருந்தது பையிலேயே நீளமான மட்டை. மார்லீன் சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. அவள் புல்லில் நடந்து அவருக்குப் பின்னால் வந்தாள்.

"அவ கூப்பிட்டது காதுல விழுந்துச்சு. இந்த ஒண்ணை அடிச்சிட்டுப் போவோம்னு இருந்தேன். தலையைத் தூக்கக்கூடாது, பந்துமேலேருந்து கண்ணை எடுக்கக்கூடாதுன்னு வீடியோல சொல்லியிருந்தான். அந்த ஒரு விஷயத்தை மட்டும் சரியா செஞ்சேன். தலையைத் தூக்கவேயில்ல."

மட்டையை வேகமாகப் பின்னுக்கு வாங்கியபோது அதன் தலை மார்லீனின் இடது கண்ணில் பட்டது. கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. மூன்றாம் நாள் எடுத்துவிட்டார்கள்.

ஆடும் முன் சுற்றிப் பார்க்கவேண்டும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா என்ற கேள்விக்கு, கேட்காமலே வெண்டலுக்குப் பதில் தெரியும்.

"நான்தான் உங்களுக்கு இதை வித்தேன்" என்றார்.

"தெரியும். நீங்க என்ன பண்ணுவீங்க? கடையில நிக்கிறவர்." ட்வைட் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். "அடிச்சது நான்தானே."

அவர் திட்டியிருந்தால் வெண்டல் அன்று இரவு தூங்கியிருப்பார்.

சாப்பாட்டு மேசையில் ரூத் ஆனிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவளுக்கு உப்பில்லாத கோழியும் வேகவைத்த முட்டைக்கோசும். அவள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் பொம்பளை உன்னை நேராக் கேட்டாளா?"

"கேட்டா."

"உனக்கு உண்மை தெரிஞ்சே வேற சொன்னே."

"கைல் பக்கத்துல நின்னான். வேலை போனா உனக்கு..."

"நிறுத்து." அவள் குரல் உயரவில்லை. "எனக்காகத்தான் சொல்லலைன்னு மட்டும் சொல்லாத, வெண்டல். என் உடம்புல ஏற்கெனவே போதுமான சுமை இருக்கு. அந்தக் கண்ணையும் என்மேல வெக்காத."

அதன்பின் அவள் சாப்பிடவில்லை.

வெண்டலுக்கு மார்லீன் வீட்டுக்குப் போக நவம்பர் பாதி வரை தைரியம் வரவில்லை. கடையின் கணினியில் விலாசம் இருந்தது. இரண்டு தடவை அந்தத் தெருவரை போய்த் திரும்பினார். மூன்றாவது தடவை மணியை அடித்தார். மார்லீன் திறந்தாள். இடது கண்ணில் வெள்ளைத் துணி ஒட்டியிருந்தது. கன்னத்தில் தையல் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. அவரை அடையாளம் கண்டுகொள்ள அவளுக்கு அரை நொடிகூட ஆகவில்லை.

"ட்வைட் இல்ல" என்றாள். "ஃபோர்ட் வெய்ன்ல அவன் அண்ணன் வீட்டுக்குப் போயிட்டான். மூணு வாரமாச்சு."

"நான் உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்."

அவள் உள்ளே விட்டாள். உட்காரச் சொல்லவில்லை. வெண்டல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே பேசினார்.

"அன்னிக்கு நீங்க கேட்டீங்க, முதல்ல எதுன்னு. பத்தொன்பது வருஷம் சொல்லிக்கொடுத்தவன் நான். முதல்ல பாடம்தான். முதல் பாடமே சுத்தி யார் நிக்கிறாங்கன்னு பார்க்கிறதுதான். எனக்குத் தெரியும். தெரிஞ்சே உங்ககிட்ட மாத்திச் சொன்னேன்."

மார்லீன் அவர் முகத்தை நேராகப் பார்க்கத் தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பவேண்டியிருந்தது.

"தப்பு பண்ணினாலும் மட்டை பொறுத்துக்கும்னு சொன்னீங்க."

"ஆமா."

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

ரூத் ஆனின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அவர் அதை விழுங்கிக்கொண்டார்.

"மேனேஜர் நின்னுக்கிட்டிருந்தார்."

"நின்னா?"

சமையலறையில் பிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. மார்லீன் ஜன்னல் பக்கம் போனாள்.

"இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினேன். பனியில, ஐஸ்ல. ஒரு பிள்ளைக்குக்கூட மூக்குல ரத்தம் வந்ததில்ல. ஒத்தைக் கண்ணோட ஓட்டறவ பிள்ளைங்களை ஏத்தக்கூடாதுன்னு என்னை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. அதுகூடப் பரவாயில்ல. ட்வைட் அடிச்சதை ஆஸ்பத்திரியிலேயே மன்னிச்சுட்டேன். அவன் வேணும்னா அடிச்சான்? ஆனா அவனால என் முகத்தைப் பார்க்க முடியல. சோறு போட்டா தட்டைப் பார்த்துக்கிட்டே சாப்பிடுவான். ஒரு நாள் துணியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். இதை எப்படி மன்னிக்கிறதுன்னுதான் எனக்குத் தெரியல."

வெண்டல் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க மன்னிப்புக் கேட்க வந்திருந்தா, இப்ப என்கிட்ட அது இல்ல" என்றாள். "கார் இருக்கா?"

"இருக்கு."

"புதன்கிழமை கிளீவ்லாந்து போகணும். கண்ணாடிக் கண்ணு வைக்க அளவெடுக்கிறாங்க. தங்கச்சிக்கு லீவு இல்ல. எட்டு மணிக்கு வாங்க."

புதன்கிழமை ரூத் ஆனுக்கு மிஷின் கிடையாது. வெண்டல் கடையில் விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். அதிலிருந்து ஜனவரி வரை மொத்தம் ஐந்து புதன்கிழமைகள். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். முதல் தடவை இருவரும் பேசவில்லை. இரண்டாவது தடவை அவர் லேன் மாறியபோது, "சிக்னல் போட்டுட்டு ரெண்டு செகண்ட் பொறுங்க, எடுத்தவுடனே திரும்பாதீங்க" என்றாள். அதற்குப் பிறகு வழி நெடுக அவருடைய ஓட்டுதலைத் திருத்திக்கொண்டே வந்தாள். வெண்டல் சொன்னபடி செய்தார். காபி ஊற்றும்போது கோப்பையின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மேசையில் ஊற்றிவிடுவதாகவும், படியில் கடைசிப் படி இருக்கிறதா இல்லையா என்று காலால் தடவிப் பார்ப்பதாகவும் ஒரு நாள் சொன்னாள். ட்வைட்டைப் பற்றி மறுபடி பேசவில்லை. ரூத் ஆனைப் பற்றி வெண்டலும் அவளிடம் சொல்லவில்லை.

ஐந்தாவது புதன்கிழமை கண் வைத்தார்கள். பழுப்பு நிறம், வலது கண்ணின் நிறத்தோடு அச்சாகப் பொருந்தியது. திரும்பும்போது அவள் தன் தெருமுனையிலேயே காரை நிறுத்தச் சொன்னாள்.

"இனிமே என் காரை நானே ஓட்டலாம்னு சொல்லிட்டாங்க. பக்கத்து ஊர் வரைக்கும்."

"நல்லது. வேற ஏதாவது தேவைன்னா..."

"வராதீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நல்லபடியா கூட்டிட்டுப் போனீங்க, நன்றி. ஆனா உங்க முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் அந்தக் கடையில நிக்கிறேன். கேள்வி கேட்டுட்டு நிக்கிறேன். அங்கேயிருந்து எனக்கு வெளிய வரணும்."

அவள் இறங்கிப் போனாள். பனி விழுந்த நடைபாதையில் ஒவ்வோர் அடியையும் அளந்து வைத்தாள். அவள் கதவைத் திறந்து உள்ளே போகும்வரை வெண்டல் என்ஜினை அணைக்காமல் காத்திருந்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் கடையில் அவர் முழு உண்மையைப் பேசவில்லை என்பதைச் சொல்லவேண்டும். புதிதாக ஆட வருகிறவர் யாரானாலும் மட்டையைக் கையில் கொடுத்து, நின்ற இடத்தில் சுற்றச் சொல்லி, வீசும் முன் ஒவ்வொரு தடவையும் இப்படிப் பார்க்கவேண்டும் என்று காட்டினார். ஒரு நிமிஷ வேலை என்பதால் கைல் தடுக்கவில்லை. ஆனால் முதலில் பாடம் எடுங்கள், வாங்காமல் போங்கள் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. ரூத் ஆனின் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் ஒன்பதாம் தேதி, ஒரு சனிக்கிழமை, மிஷினில் இருக்கும்போதே ரூத் ஆனின் இதயம் நின்றது. வெண்டல் வெளியே காத்திருக்கும் அறையில் பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார். அடக்கத்துக்கு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். கைலும் வந்தான். கையைப் பிடித்துக்கொண்டு, எத்தனை நாள் வேண்டுமானாலும் லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்றான்.

வெண்டல் ஒன்பதாம் நாளே வேலைக்குத் திரும்பினார். அடுத்த வாரம் ஒரு நர்ஸ், தன்னந்தனியாக, ஆட ஆசை வந்திருக்கிறது, ஒரு முழு செட் வேண்டும் என்று வந்தாள். கைல் பக்கத்தில்தான் இருந்தான்.

"வாங்காதீங்க" என்றார் வெண்டல். "முதல்ல யார்கிட்டயாவது அஞ்சு பாடம் எடுங்க. பிடிக்குதான்னு பாருங்க. உங்க உயரத்துக்கு, உங்க கைக்கு என்ன வேணும்னு அப்பதான் தெரியும். அதுவரைக்கும் இரவல் மட்டை போதும்."

அவள் ஆச்சரியத்தோடு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். கைல் கதவு மூடும்வரை பொறுத்திருந்தான்.

"வெண்டல், துக்கத்துல இருக்கீங்க. நான் இதைக் கேட்காத மாதிரி இருந்துடறேன்."

"கேட்டுக்கோ கைல். நாளைக்கும் இதையேதான் சொல்வேன்."

இரண்டு நாள் கழித்து அவருடைய பெயர் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். வண்டியில் வந்து உட்கார்ந்த வெண்டலுக்கு நிம்மதி எதுவும் வரவில்லை. இழக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகு வந்த தைரியத்தை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஏழு மாதம் முன்னால் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் கைல் கத்தியிருப்பான். ஒருவேளை வேலையை விட்டு அனுப்பாமல் இருந்திருக்கவும் கூடும். அதை இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது அவர் கேன்ஃபீல்ட் சாலையில் உள்ள ஒரு பயிற்சித் திடலில் பந்து பொறுக்கும் வண்டி ஓட்டுகிறார். கம்பிவலைக் கூண்டுக்குள் உட்கார்ந்து அவர் போகும்போது, விளையாட்டாக அந்த வண்டியைக் குறிபார்த்து அடிப்பவர்கள் உண்டு. கூண்டில் பந்து பட்டு டங்கென்று ஒலிக்கும். சாயங்காலங்களில் கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். கேட்டு வருகிறவர்கள் குறைவு. பெரும்பாலோர் புது மட்டைகளோடு வந்து, தாங்களே வீசிப் பார்த்து, முதுகைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

செப்டம்பரில் ஒரு நாள் பலசரக்குக் கடையில் பால் எடுக்கப் போனபோது மார்லீனைப் பார்த்தார். அவள் தள்ளுவண்டியில் ஒரே ஒருவருக்கான சாமான்கள் இருந்தன. தயிர் டப்பாக்களின் தேதியை முகத்துக்கு அருகே வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். வெண்டல் அவளுடைய இடப்பக்கத்தில், கண்ணாடிக் கண் இருந்த பக்கத்தில், நான்கடி தூரத்தில் நின்றார். கூப்பிட்டால் திரும்புவாள். அவளாகத் திரும்பிப் பார்க்க வாய்ப்பில்லை.

அவர் அசையாமல் நின்றார். மார்லீன் இரண்டு டப்பாக்களைத் தேர்ந்து வண்டியில் போட்டுக்கொண்டு, அவரைக் கடந்து ரொட்டி இருக்கும் வரிசைக்குப் போனாள்.